கடலோர மாடித்தோட்டத்தில் இலை விளிம்புகள் கருகுகின்றன: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி
எழுதியவர்: தேவனாம்பட்டினம் மாடி
செப்டம்பர் 6

அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், வெள்ளிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. மருந்து தெளிக்காத காய்கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், சென்ற தை மாதம் 600 சதுர அடி மொட்டை மாடியில் முப்பது பைகளுடன் தோட்டம் தொடங்கினேன். எட்டு மாதங்கள் ஆகியும் ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் காய் பறிக்க இயலவில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்பது விளங்காமல்தான் இங்கே எழுதுகிறேன்.

பைகளில் இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மாட்டெரு என்ற அளவில் கலந்து நிரப்பினேன். நார்க்கழிவை ஒரு நாற்றுப்பண்ணையில் ஐந்து கிலோ கட்டிகளாக வாங்கி, நீர் ஊற்றி உதிர்ந்ததும் அப்படியே பயன்படுத்தினேன். வாரம் ஒரு முறை பஞ்சகவ்யமும், பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மீன் அமிலமும் கொடுத்து வருகிறேன். மீன் அமிலத்தை நானே தயாரிக்கிறேன். முதுநகரில் கருவாடு போடும் உறவினர் ஒருவர் தரும் கழிவில் சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைப்பேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதற்காக, வீட்டு ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். அது போதாதபோது மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறேன்.

விதைகள் நன்றாகவே முளைக்கின்றன. மூன்று வாரங்கள் வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. அதன்பின் அடியிலைகளின் நுனியும் விளிம்பும் காப்பிப்பொடி நிறத்தில் கருகத் தொடங்குகின்றன; இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, விளிம்பு மட்டும் தொட்டால் காய்ந்த அப்பளம்போல் நொறுங்குகிறது. பீன்ஸ் பூப்பதற்கு முன்பே பட்டுப்போனது. மிளகாயும் கத்தரியும் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டன. பைகளின் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பூஞ்சணம் என்று எண்ணி வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் மறையவில்லை.

வியப்பான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே மண், அதே தண்ணீர் உள்ள ஒரு பையில் கொத்தவரை செழித்துக் காய்த்திருக்கிறது. எவரும் விதைக்காத பருப்புக்கீரை மூன்று பைகளில் தானாக முளைத்துப் படர்ந்திருக்கிறது. மற்றவை மட்டும் ஏன் இப்படி ஆகின்றன? இன்னும் என்ன உரம் கொடுக்க வேண்டும்?


பதில் 1
எழுதியவர்: வில்லியனூர் விவசாயி
செப்டம்பர் 6

வணக்கம் அம்மா. அடியிலையின் விளிம்பு கருகுவது சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைபாட்டின் அடையாளம். நார்க்கழிவில் சத்து அதிகம் இராது. ஆகவே மாட்டெருவை இன்னும் ஒரு பங்கு கூட்டுங்கள். சவுக்கு விறகு எரித்த சாம்பல் கிடைத்தால் பைக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கிளறிவிடுங்கள். பஞ்சகவ்யத்தை வாரம் இரு முறையாக்கலாம். இயற்கை உரம் சற்றுக் கூடினாலும் தீங்கு செய்யாது. எங்கள் வயலில் வாழைக்கும் கத்தரிக்கும் இதைத்தான் செய்து வருகிறோம்.


பதில் 2
எழுதியவர்: கெடிலக்கரை
செப்டம்பர் 7

சகோதரிக்கு வணக்கம். வில்லியனூர் ஐயா கூறிய சாம்பல் சத்துக் குறைபாடும் அடியிலையின் விளிம்பில்தான் முதலில் தெரியும் என்பதால், அவர் அவ்வாறு எண்ணியதில் பிழையில்லை. ஆயினும் நீங்கள் எழுதியவற்றுள் வெள்ளைப் பூப்பு, ஆர்.ஓ. கழிவு நீர், கொத்தவரையின் செழிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, உங்கள் பைகளில் உப்பு மிகுந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்நிலையில் எருவையும் சாம்பலையும் கூட்டினால் செடிகளின் துன்பம் பெருகும். தயவுசெய்து சில நாட்கள் பொறுத்திருங்கள்.

முதலில் அந்த வெள்ளைப் பூப்பை ஒரு சிட்டிகை சுரண்டி, கண்ணாடிக் குவளையில் சிறிது தெளிந்த நீர் எடுத்து அதில் போட்டுக் கலக்குங்கள். பெரும்பகுதி கரைந்து மறைந்தால் அது உப்பு. நூல்நூலாக மிதந்தால் பூஞ்சணம். வேப்பெண்ணெய்க்கு அது அசையாமல் இருந்ததிலிருந்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது.

அடுத்து, கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஆர்.ஓ. கருவி நல்ல நீரை ஒரு பக்கம் பிரித்துவிட்டு, அதிலிருந்த உப்பையெல்லாம் மறுபக்கம் வெளியேறும் நீரில் சேர்த்துத்தான் அனுப்புகிறது. உள்ளே செல்லும் கிணற்று நீரைவிட அந்தக் கழிவு நீர் எப்போதும் உப்பு மிகுந்ததாகவே இருக்கும். அதில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளுங்கள். நம் கடலோரக் கிணறுகளுக்கு அது மிகையான மதிப்பன்று. ஒரு பைக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றினால் 4 கிராம் உப்பு உள்ளே போகிறது. நீரைச் செடி உறிஞ்சிக்கொள்ளும், வெயில் உலர்த்திவிடும். உப்பு மட்டும் எங்கும் போகாது. பையின் அடியில் நீர் வழியாதபடி அளவாக ஊற்றி வந்தால், ஒரே மாதத்தில் 120 கிராம் உப்பு அந்தச் சிறு பைக்குள் தங்கிவிடும். முளைத்த மூன்று வாரம் வரை செடிகள் நன்றாக இருந்து, அதன்பின் கருகுவதற்கு இதுவே காரணம். வீணாக்கக் கூடாது என்று நீங்கள் அளந்து அளந்து ஊற்றியது போற்றத்தக்க எண்ணம்தான். ஆனால் உவர் நீரைப் பொறுத்தவரை சிக்கனம் வேருக்குப் பகையாகிறது.

எல்லாச் செடிகளும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனாக அளந்து, மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று சொல்வது வழக்கம். பீன்ஸ் அந்த அளவு 1 ஆனவுடனேயே விளைச்சலில் பின்வாங்கத் தொடங்கும். முள்ளங்கி, வெங்காயம், கேரட், மிளகாய் ஆகியவையும் ஏறத்தாழ 1 முதல் 1.5 வரைதான் பொறுக்கும். தக்காளி 2.5 வரை தாக்குப்பிடிக்கும். காராமணி 5-ஐ நெருங்கும் வரை கவலைப்படாது. கொத்தவரையோ 8-ஐத் தாண்டியும் நிற்கும். பருப்புக்கீரையும் உப்பைத் தாங்கும் இனமே. உங்கள் மாடியில் எவை மடிந்தன, எவை பிழைத்தன என்பதைப் பாருங்கள். ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதைச் செடிகள் முன்பே சொல்லிவிட்டன.

இந்தச் செய்தி எனக்கு விளங்கியது ஒரு புயலால்தான். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில் கெடிலம் ஆற்றுக்கு அருகில் உள்ளது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில், நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டோம். மாடியில் இருபது பைகளில் கத்தரியும் மிளகாயும் விளிம்பு கருகிய நிலையில் நின்றிருந்தன. தை பிறந்தால் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஐந்து நாட்கள் கழித்துத் திரும்பி வந்தபோது பைகள் ஊறிப் பருத்து, அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. வேர் அழுகியிருக்கும் என்றே எண்ணினேன். ஆனால் பதினைந்து நாட்களில் கத்தரியின் கணுக்களிலிருந்து கருகல் ஒன்றுகூட இல்லாத புதிய இலைகள் விரிந்தன. பத்து மாதங்களாக நான் ஊற்றிய பஞ்சகவ்யம் செய்யாததை அந்த மழை நீர் செய்திருந்தது. ஒரு அடி ஆழ மண்ணில் ஒரு அடி அளவு நல்ல நீர் ஊடுருவி இறங்கினால், அதிலுள்ள உப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு வெளியேறிவிடும் என்று பின்னர் படித்து அறிந்தேன்.

நீங்கள் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. 20 லிட்டர் கொள்ளும் பைக்கு 40 லிட்டர் நல்ல நீர் என்ற அளவில், ஒரே மூச்சில் ஊற்றாமல், ஐந்து ஐந்து லிட்டராக அரை மணி நேர இடைவெளியில் ஊற்றி வழியவிடுங்கள். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, அடித்துளைகள் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். வழியும் நீர் மாடித் தளத்தில் தேங்கக் கூடாது. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியை அரித்துவிடும், ஆகவே தடுப்பு ஏதுமின்றி மழைநீர்க் குழாய்க்கு ஓடிவிட வேண்டும். ஆர்.ஓ. கருவியைப் பழுதுபார்க்க வருபவரிடம் பேனா வடிவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும்; நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். அதை ஒரு நாள் கேட்டு வாங்கி, ஊற்றும் நீரையும் அடியில் வழியும் நீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் நெருங்கி வரும்போது கழுவுவதை நிறுத்தலாம். உப்போடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரைந்து போயிருக்கும் என்பதால், ஒரு வாரம் கழித்துப் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட வேண்டும்.

நார்க்கழிவையும் மறந்துவிடாதீர்கள். அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். உவர் நீரில் ஊறிய நாரிலிருந்து கிடைத்த கழிவாக இருந்தால் இன்னும் கூடுதலாக இருக்கும். புதிய கட்டி வாங்கும்போது டிரம்மில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, இப்படி மூன்று முறை செய்த பிறகே மண்ணோடு சேருங்கள்.

ஒரு முறையேனும் கிணற்று நீரை முறைப்படி பரிசோதித்துக்கொள்வதும் நல்லது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் கழுவிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் கடலூரில் உள்ள வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். விதைக்கும் நாற்றுக்கும் பண்ருட்டி செல்லும் வழியில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். நம் மாவட்டத்திலேயே உருவான பாலூர் கத்தரி இரகங்களை விட்டுவிட்டு, எங்கோ விளைந்த விதைப் பொட்டலத்தை வாங்குவானேன் என்பது என் தனிப்பட்ட கருத்து.


பதில் 3
எழுதியவர்: வீராம்பட்டினத்துக் கொல்லை
செப்டம்பர் 8

அன்பு மகளுக்கு வணக்கம். கெடிலக்கரைத் தம்பி கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் கடல் மணலிலேயே முப்பது ஆண்டுகளாகக் கொல்லைத் தோட்டம் வைத்திருப்பவள் என்பதால், அவர் சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கருவாட்டுக் கழிவில் மீன் அமிலம் செய்வதை இன்றே நிறுத்திவிடு. கருவாடு என்பதே உப்பில் ஊறியது; அதன் தலையும் வாலும் குடலும் உப்புச் சுமையோடுதான் வரும். மீன் அமிலத்துக்குப் பச்சை மீனின் கழிவு வேண்டும். அதையும் நல்ல நீரில் ஒரு முறை அலசிவிட்டுச் சம எடை வெல்லம் சேர்த்து, மூன்று வாரம் நிழலில் வைத்து, லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாமல் கலந்து ஊற்ற வேண்டும். அதேபோல் சமையலறைக் கழிவை மக்கவைக்கும்போது ஊறுகாய், குழம்பு மிச்சம், உப்புப் போட்டு வேகவைத்த எதையும் சேர்க்காதே. காய்த்தோலும் சருகும் போதும்.

வில்லியனூர்த் தம்பி, இயற்கை உரம் கூடினால் தீங்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் மழையும் ஆற்றுப்பாசனமும் கழுவிச் செல்லும் வயலுக்கு அது பொருந்தும். அடி மூடிய பைக்குள் அது பொருந்தாது. மாட்டுச் சிறுநீரிலும் உப்பு உண்டு, எருவிலும் உண்டு, சாம்பலில் நிறையவே உண்டு. அத்துடன் சாம்பல் மண்ணின் காரத்தன்மையையும் ஏற்றிவிடும். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை என்பதே மாடிப் பைக்கு ஏராளம். தழைச்சத்து தேவைப்பட்டால், நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாட்கள் ஊறவைத்து, பத்து லிட்டராகப் பெருக்கி ஊற்றினால் பச்சை பிடிக்கும்.

மண்மேல் சருகோ தோலோ பரப்பும் மூடாக்கு இல்லாத பையை வெயிலில் வைக்காதே. ஊர் ஊராகச் சென்று நம்மாழ்வார் ஐயா எடுத்துரைத்தவற்றுள் எங்கள் மணலுக்கு மிகவும் உதவியது அந்த ஒன்றுதான். மண் சூடேறி நீர் ஆவியாகும்போதுதான் உப்பு மேலே ஏறி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. மல்லாட்டைத் தோலை இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால் ஊற்றும் நீர் பாதியளவே போதுமானதாகிறது. நீர் குறைந்தால் அதனுடன் வரும் உப்பும் குறையும். சவுக்குச் சருகும் பயன்படும், ஆனால் மல்லாட்டைத் தோல் மக்கி மண்ணோடு சேர்வதுபோல் அது விரைவில் சேர்வதில்லை.

கடற்காற்றையும் மறக்காதே. கொண்டல் வீசும் நாட்களில் இலைமேல் கை வைத்தால் பிசுபிசுப்பாக இருக்கும். அது கடலிலிருந்து வரும் உப்புச் சாரல். கிழக்குப் பக்கம் நிழல்வலை ஒன்றை ஆள் உயரத்துக்குக் கட்டு. உன் கிணற்று நீரை ஒருபோதும் இலைமேல் தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்று; இலையில் விழுந்த உவர் நீர் உலர்ந்தால் அந்த இடமே கருகும்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். வளராமல் நிற்கும் கத்தரியில் ஒன்றை மெதுவாக வேரோடு எடுத்து, வாளி நீரில் மண் போக அலசி, வேரைக் கண்ணருகே வைத்துப் பார். எங்கள் மணற்கொல்லையில் ஒரு முறை வெண்டையும் கத்தரியும் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்துகொண்டிருந்தன. நானும் உப்பு என்றே எண்ணி இரண்டு மாதங்களை இழந்தேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது மணிமாலைபோல் முடிச்சு முடிச்சாக இருந்தது. அது வேர்முடிச்சு நூற்புழு. காராமணி, பீன்ஸ் வேரிலும் உருண்டைகள் இருக்கும். அவை தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகள், விரலால் தேய்த்தால் தனியே உதிர்ந்துவிடும். நூற்புழுவின் முடிச்சு வேரே பருத்து உருவானது, எத்தனை தேய்த்தாலும் உதிராது. அப்படி ஏதேனும் தென்பட்டால் அந்தப் பையின் மண்ணை வேறு பையில் கலக்காமல் தனியே வை. சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் ஆறு வாரம் மூடிவைத்தால் பெரும்பாலான புழுக்கள் வெந்துவிடும். அதன்பின் வேப்பம் புண்ணாக்கும் இட்டு, ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி நட்டு எடு. நான் அப்படித்தான் என் கொல்லையை மீட்டேன்.


பதில் 4
எழுதியவர்: தேவனாம்பட்டினம் மாடி
செப்டம்பர் 14

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா கூறியபடி இரண்டு கத்தரிச் செடிகளைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தேன்; முடிச்சு எதுவும் இல்லை. வெள்ளைப் பூப்பு நீரில் கரைந்துவிட்டது. ஆர்.ஓ. கருவி பழுதுபார்ப்பவரிடம் டி.டி.எஸ். மீட்டரைக் கேட்டு வாங்கி அளந்தேன். கிணற்று நீர் 1,350, ஆர்.ஓ. கழிவு நீர் 1,980 எனக் காட்டின. மிளகாய்ப் பை ஒன்றில் நீர் ஊற்றி அடியில் வழிந்ததைப் பிடித்து அளந்தபோது 5,200 எனக் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. எட்டு மாதங்களாக அந்தச் செடிகளுக்கு நான் எதைக் குடிக்கக் கொடுத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. இந்த மண்ணில் விளைந்த கொத்தவரையையும் கீரையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஆர்.ஓ. கழிவு நீரை இனி என்ன செய்வது? கொல்லையில் ஒரு தென்னை உள்ளது, அதற்கு ஊற்றலாமா? நல்ல நீருக்கு மாநகராட்சிக் குழாயைத் தவிர எங்களுக்கு வழியில்லை. அதுவும் குடிப்பதற்கே சரியாக இருக்கிறது.


பதில் 5
எழுதியவர்: கெடிலக்கரை
செப்டம்பர் 15

கொத்தவரையைத் தயங்காமல் கொடுங்கள். மண்ணின் உப்பு செடியின் வளர்ச்சியைக் குறைக்குமே தவிரக் காயை நஞ்சாக்காது. பருப்புக்கீரை சற்றுக் கரிப்பாக இருந்தால் சமைக்கும்போது உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். தென்னை உவரைத் தாங்கும். தரையில் வேரோடி நிற்பதால் மழையும் அதன் மண்ணைக் கழுவிவிடும். ஆயினும் முழுவதையும் நாள் தவறாமல் அதற்கே ஊற்றாமல், கிணற்று நீருடன் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

நல்ல நீருக்கு உங்கள் மாடியே போதும். 600 சதுர அடிப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 550 லிட்டர் நீர் கிடைக்கும். 200 லிட்டர் டிரம் மூன்றைக் குழாய் இறங்கும் இடத்தில் வைத்தால், ஐப்பசியில் ஒரு நல்ல மழையிலேயே அவை நிறைந்துவிடும். முதல் மழையின் நீரை மட்டும் தளம் கழுவ ஓடவிட்டுவிடுங்கள். டிரம்மின் வாயை அடர்ந்த துணியால் இறுகக் கட்டாவிட்டால் டெங்கு கொசு வந்துவிடும் என்பதில் கவனமாக இருங்கள். வடகிழக்குப் பருவமழையில்தான் நம் ஆண்டு மழையின் பெரும்பகுதி கிடைக்கிறது. அதை அஞ்சிப் பைகளைத் தகரக் கொட்டகைக்குள் தள்ளிவைப்பவர்கள் பலர். வேண்டாம், நனையட்டும்.


பதில் 6
எழுதியவர்: வில்லியனூர் விவசாயி
செப்டம்பர் 15

வீராம்பட்டினத்து அக்கா கூறியதும் தம்பி கூறியதும் சரியே. என் நிலம் கடலுக்கு அருகில் இல்லாததால் உப்பைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மா, சாம்பலை இதுவரை தூவியிருக்காவிட்டால் தூவ வேண்டாம். புதுச்சேரி குரும்பாபேட்டையில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் இத்தகைய ஐயங்களைக் கேட்டுத் தெளிவு பெறலாம். இந்த உரையாடலுக்குப் பிறகு என் கிணற்று நீரையும் கொடுத்துப் பரிசோதிக்க எண்ணியிருக்கிறேன்.


பதில் 7
எழுதியவர்: தேவனாம்பட்டினம் மாடி
ஜனவரி 22

வணக்கம். அதன்பின் நடந்தவற்றை எழுதுகிறேன். புரட்டாசியில் பத்துப் பைகளை மட்டும் கிணற்று நீரிலேயே கழுவினேன். வழியும் நீர் 1,700 வரை இறங்கி அதற்கு மேல் இறங்கவில்லை. ஐப்பசியில் மழை தொடங்கியதும் முப்பது பைகளையும் செங்கல்மேல் ஏற்றி வானம் பார்க்க விட்டுவிட்டேன். கார்த்திகைக் கடைசியில் அளந்தபோது பெரும்பாலான பைகளில் 500-க்கும் 700-க்கும் இடையில் இருந்தது. கழுவிய நார்க்கழிவு, செம்மண், மக்கிய எரு மூன்றையும் சம பங்காக்கி மேல்மண்ணை மாற்றி, மல்லாட்டைத் தோல் மூடாக்கு இட்டேன்.

பழைய கத்தரிச் செடிகளில் பிழைத்த ஐந்தும் இப்போது இடுப்பு உயரம் நிற்கின்றன. புதிய இலைகளில் விளிம்புக் கருகல் இல்லை. கருகிய அடியிலைகள் மட்டும் அடையாளத்துக்கு இரண்டொன்று தொங்குகின்றன. போகிக்கு முதல் நாள் முக்கால் கிலோ காய் பறித்தோம். செடி அவரை பூத்திருக்கிறது. பீன்ஸை இவ்வாண்டு முயலவில்லை.

இரண்டு பைகள் மட்டும் இன்னும் 1,900-க்குக் கீழே இறங்க மறுக்கின்றன. பிரித்துப் பார்த்ததில், அடியில் நான் முன்பு கருவாட்டுக் கழிவையே நேரடியாகப் புதைத்த பைகள் அவை என்பது நினைவுக்கு வந்தது. அவற்றில் கொத்தவரையும் காராமணியும் மட்டும் விதைத்திருக்கிறேன்.

மூன்று டிரம்களிலும் சேர்த்து 600 லிட்டர் மழை நீர் இருக்கிறது. முப்பது பைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஊற்றினால் அது பதின்மூன்று நாட்களுக்குத்தான் வரும் என்று கணக்கிட்டேன். ஆகவே மாசி முதல் எட்டுப் பைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றிலும் ஒரு நாள் மழை நீர், ஒரு நாள் கிணற்று நீர் என மாற்றி ஊற்றி, கிணற்று நீர் ஊற்றும் நாளில் அடியில் சிறிது வழியும்படி விட எண்ணியிருக்கிறேன். மீதிப் பைகளை மூடாக்கோடு ஓய்வில் விட்டுவிட்டு, ஆடியில் நான்காவது டிரம் வாங்கிய பிறகு மறுபடியும் தொடங்குவேன். இந்த ஏற்பாட்டில் குறை ஏதேனும் தென்பட்டால் தெரிவியுங்கள்.


பதில் 8
எழுதியவர்: வீராம்பட்டினத்துக் கொல்லை
ஜனவரி 23

குறை ஒன்றும் இல்லை மகளே. கோடையில் தோட்டத்தைச் சுருக்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கமும்கூட. அந்த எட்டுப் பைகளில் கத்தரி இரண்டு, மிளகாய் இரண்டு போக மற்றவற்றில் காராமணியும் தண்டுக்கீரையும் போடு. ஓய்விலிருக்கும் பைகளை வெறும் வெயிலில் காயவிடாமல், பத்து நாட்களுக்கு ஒரு முறை மூடாக்கு மட்டும் நனையும்படி மழை நீரில் ஒரு குவளை தெளித்து வை. மண்புழு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். சித்திரையில் இடிமழை பெய்தால் டிரம்மைத் திறக்க மறந்துவிடாதே.